எஜமானின் நாற்காலியும் எஸ்லினின் கால்களும்

துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வந்து நின்றாலே எஸ்லின் குவாஷிக்குக் கால் வலிக்கத் தொடங்கிவிடும். இறங்கி வருகிறவர்களுக்கு விடுமுறை. அவளுக்கு அன்றைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. செயின்ட் வின்சென்ட் தீவின் பழைய கரும்புத் தோட்ட மாளிகையை அருங்காட்சியகமாக மாற்றிய நாளிலிருந்து வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக்காட்டுகிறவள் அவள்தான். முழு நாளும் நின்றபடி.

உட்கார ஒரு முக்காலி கேட்டுக் கேட்டு வாயும் வலித்ததுதான் மிச்சம். மேலாளர் ட்ரெவர் ஸ்னாக் இதே ஊரில் பிறந்து, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன்.

"மிஸ் எஸ்லின், அந்தக் காலத்து அறையில இந்தக் காலத்து முக்காலியைப் போட்டா நல்லாவா இருக்கும்?" என்பான்.

"ஏன், நான் மட்டும் அந்தக் காலத்து ஆளா?"

அவன் சிரிப்பான். முக்காலி வராது.

எங்கள் தீவில் ஒரு வாசற்படியைத் தாண்டுகிறவர்தான் முதலில் குட் மார்னிங் சொல்ல வேண்டும். சொல்லாதவரை எவ்வளவு பெரிய ஆளானாலும் நாங்கள் மதிக்க மாட்டோம். கப்பல்காரர்களோ கேமராவை முன்னால் நீட்டிக்கொண்டு நுழைவார்கள். முன்பெல்லாம் அவர்கள் சொல்லும்வரை எஸ்லின் வாய் திறக்க மாட்டாள். இப்போது அந்த வீம்புக்கும் தெம்பில்லை.

கூடத்தில் கயிறு கட்டி வைத்திருப்பது தோட்டத்தின் வெள்ளைக்கார எஜமானின் சாய்வு நாற்காலி. பிரம்புப் பின்னல், முன்னால் நீண்டிருக்கும் மரக்கைகள். "குதிரையை விட்டு இறங்கி வந்ததும் கால் ரெண்டையும் இதுமேல நீட்டிப் போடுவாரு. ஒருத்தர் மண்டிபோட்டு பூட்ஸைக் கழட்டணும்," என்று எஸ்லின் தினமும் சொல்வாள். கழற்றியவர்கள் அங்கே அடிமைகளாக இருந்த அவளுடைய முன்னோர்கள்தான். அதை மட்டும் சொல்ல மாட்டாள்.

அன்றைக்கு வெயில் தாங்காமல் ஓலைத்தொப்பி போட்ட ஒரு அம்மாள் தள்ளாடினாள். ட்ரெவர் ஓடிவந்து கயிற்றை அவிழ்த்து, அவளை அந்த நாற்காலியிலேயே உட்காரவைத்தான். இளநீர் வந்தது. ஒரு அட்டையை எஸ்லின் கையில் திணித்து, விசிறும்படி கண்ணைக் காட்டினான். அவளும் விசிறினாள். கை விசிறிக்கொண்டிருக்க, தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவமானத்தில் காது சுட்டது.

அந்த அம்மாள் தெளிந்து எழுந்து போனாள். கயிற்றை மறுபடி கட்ட யாரும் இல்லை. அடுத்த கூட்டத்தின் காலடிச் சத்தம் கேட்டது. எஸ்லின் நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பை உதறிவிட்டு, வீங்கிய கால்களை மரக்கைகளின் மேல் நீட்டினாள். வேலை போனால் போகட்டும்.

"வீட்டுக்குள்ள வந்தா முதல்ல குட் மார்னிங் சொல்லணும்," என்றாள்.

எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு கைதட்டினார்கள், படம் எடுத்துத் தள்ளினார்கள். எல்லாம் நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

கூட்டம் போனதும் ட்ரெவர் ஓடிவந்தான். "பிரமாதம் மிஸ் எஸ்லின்! இனிமே ஒவ்வொரு தடவையும் இப்படியே உட்காருங்க. தலையில ஒரு முண்டாசும் கட்டிட்டா அசத்திடலாம்!"

"அடப்பாவி, அலுத்துப்போய் உட்கார்ந்தா அதையும் வேலையாக்கிட்டியேடா," என்றாள். எழுந்து கயிற்றை அவளே கட்டினாள்.

மறுநாள் காலை அவள் வீட்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியோடு வேனில் ஏறினாள்.

"என்ன ஆன்ட்டி, எங்க வண்டியில சீட் கிடைக்காதுன்னு கையோட கொண்டு வந்துட்டீங்களா?" என்றான் நடத்துநர். வேனே சிரித்தது.

"வாயை மூடிட்டு அதைப் பிடிடா."

எஜமானின் மஹோகனி நாற்காலிக்குப் பக்கத்தில் அதைப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தபோது ட்ரெவர் கோபமாக உள்ளே வந்தான். "இது என்ன அசிங்கம்?"

அவள் எழுந்திருக்கவில்லை. "குட் மார்னிங், ட்ரெவர்," என்றாள் நிதானமாக.

அவன் முகம் சுருங்கியது. எத்தனை படித்தென்ன, இந்தத் தீவுப் பிள்ளை. குட் மார்னிங் சொல்லாமல் நுழைந்ததற்கு அவன் அம்மா இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாள்.

"குட் மார்னிங், மிஸ் எஸ்லின்," என்றான் தரையைப் பார்த்து. அதைச் சொன்ன பிறகு சத்தம் போட அவனுக்கு வாய் வரவில்லை.

முதல் கூட்டம் வந்தது. ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "இது எந்த வருஷத்தது?" என்று கேட்டாள்.

"இது காட்சிக்கு இல்லம்மா," என்றாள் எஸ்லின். "இது நான் உட்கார."