ஆள் வாழாத வீட்டு நிலைப்படி

சிலுவையம்மாளுக்கு வாய் ஜாஸ்தி என்று ராயபுரத்தில் சொல்லாத ஆள் கிடையாது. இருக்கட்டுமே! எறா உரிக்கிற கம்பெனியில் நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போக நிற்கிறவளுக்கு வாயாவது சூடாக இருக்க வேண்டாமா?

அது இரண்டாயிரத்து மூன்று. கடலோர ரோட்டை அகலமாக்குகிறோம் என்று அவள் குடிசையை மெஷின் விட்டுத் தள்ளிவிட்டார்கள். "மாத்து வீடு வரும்மா" என்று சொல்லிவிட்டுப் போன ஆபீசரை அதற்கப்புறம் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அவளும் புருஷன் சவரிநாதனும் ரோட்டோரமாகத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் எண்ணூரில் கட்டிக்கொடுத்த மகள் ஜானட்டுக்கு மாசம் ஏறிவிட்டது. தலைப்பிரசவம். தாய் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். எந்த வீட்டுக்கு? லாரி போனால் படபடவென்று அடித்துக்கொள்கிற தார்ப்பாய்க்குள்ளா? சம்பந்தியம்மா வேறு ஜாடை பேச ஆரம்பித்துவிட்டாள்.

அதனால்தான் மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். வீடு வேண்டுமென்று நேர்ந்துகொள்கிறவர்கள் வெள்ளித் தகட்டில் அடித்த சின்ன வீடு ஒன்றை மாதா காலடியில் வைப்பார்கள். கோயில் வாசல் கடையில் கண், கால், தொட்டில், வீடு எல்லாம் தகட்டில் தொங்கும். அவள் குப்பத்தில் இதற்கு மேல் ஒரு முறையும் உண்டு. காணிக்கை வீட்டை நல்லபடியாக இருக்கிற ஒரு வீட்டு நிலைப்படியில் தொட்டு எடுத்துக்கொண்டு போகவேண்டும். தொட்ட வீட்டைப் போலவே வீடு அமையும் என்று நம்பிக்கை.

திருவிழாக் கொடியேற்றத்தன்று காலைப் பூசை முடிந்ததும் தகட்டு வீட்டை வாங்கி இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் காணிக்கை வைக்கவேண்டும். எந்த வீட்டு நிலைப்படியில் தொடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தார்ப்பாய் சுகிர்தம் வந்தாள்.

"யக்கா, ஆர்பர் பக்கத்து கோடவுன்ல யாரோ ராஜாவோட பொம்மை வூடு வச்சிக்கீறாங்களாம். அப்பால கப்பல்ல ஏத்தி சீமைக்கு அனுப்புறாங்களாம். இன்னிக்கு மட்டும் நம்ப ஜனத்த டிக்கெட்டு இல்லாமயே உள்ள வுடுறாங்களாம், வா."

போனார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே ஏசி குளுகுளுவென்று ஓடியது. நடுவில் ஆள் உயரத்துக்கு அந்த வீடு. ஏதோ ஒரு சமஸ்தானத்து ராஜா, அந்தக் காலத்தில் தன் மகளுக்காகச் செய்ய வைத்ததாம். முன்சுவரைக் கதவு மாதிரித் திறந்துவைத்து, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள்.

அடேயப்பா! நெல்மணி அளவுக்குக் கரண்டி. மிளகு அளவுக்குக் கிண்ணம், அதற்குள் பூவேலை. தந்தம் இழைத்த கட்டில், கொசுவலையோடு. பட்டனைத் தட்டினால் அறைக்கு அறை விளக்கு எரிந்தது. "செஞ்சவன் கண்ணு அவிஞ்சி பூட்டிருக்கும், பாவம்" என்று சிலுவையம்மாள் மனசாரச் சொன்னாள். அதற்குள் காவல்காரர் எதையோ திருக, குளியலறையில் ஊசி போன்ற குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கூட்டம் கைதட்டியது.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாமே சுகிர்தம், பொம்மைக்குக் குயாத் தண்ணியா? நம்ப தெருவுக்குத் தண்ணி லாரி எப்ப வந்துச்சுன்னே மறந்து பூட்ச்சு, பொம்மை குளிக்குது!"

"சொம்மா இரு யக்கா, பாக்குறாங்க."

"பாக்கட்டும்!"

ஆனால் மாடியில் ஒரு அறை அவள் வாயை அடைத்துவிட்டது. ஓரமாகச் சின்னக் கட்டில், பக்கத்தில் முத்துச்சரம் தொங்கும் தொட்டில், தொட்டிலுக்குள் மெத்தை. பிள்ளைத்தாய்ச்சி அறை. ஜானட் அந்தக் கட்டிலில் படுத்திருப்பதுபோலவே அவளுக்குத் தோன்றியது. தொட்டால் இந்த வீட்டைத்தான் தொடவேண்டும்! வேறு எதையும் யோசிக்கவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்துத் தகட்டு வீட்டை எடுத்தாள். கயிற்றைத் தாண்டிக் குனிந்து, அந்தக் குட்டி நிலைப்படியில் தொட்டு எடுத்தாள்.

கப்பென்று கையைப் பிடித்தது ஒரு கை. "சார்! சார்! எதையோ எடுத்துட்டாங்க!"

பிடித்தது யார் தெரியுமா? காக்கி உடுப்பில் வேதமாணிக்கம். வேற்று ஆள் இல்லை. அவள் கோயிலிலேயே பாட்டுக் குழுவில் நிற்கிறவன். குடிசை இருந்த காலத்தில் அவள் வைத்த நண்டுக் குழம்பைச் சட்டியை வழித்துத் தின்றவன்.

மேனேஜர் ஓடிவந்தான். தகட்டு வீட்டைப் பிடுங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டான். "எந்த ரூம்ல இருந்து எடுத்தே?"

"எட்த்தனா? என்துய்யா அது! மாதாவுக்கு வாங்கினுகீறேன்!"

"திருடினவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க."

"நைனா வேதமாணிக்கம்! நா யாருன்னு இவுருக்கு சொல்லேன்யா."

வேதமாணிக்கம் தரையைப் பார்த்தான். "தெரியாது சார். கூட்டத்துல வந்தவங்க" என்றான். யேசுவின் சீடர் ராயப்பர் பயந்துபோய் அவரையே தெரியாதென்று சொன்ன கதையை வருஷா வருஷம் தவக்காலத்தில் உருகி உருகிப் பாடுகிற வாய் சார் அது! எரிகிறதா இல்லையா?

சுகிர்தம் கத்தினாள், சத்தியம் பண்ணினாள். யார் காதில் விழுந்தது? மேனேஜர் கையை விரித்துத் தகட்டைப் புரட்டிப் பார்த்தான். பின்பக்கம் வெறும் பள்ளம். "சே, இது நம்மளோடது இல்ல. சீப் தகடு" என்று மேஜைமேல் விசிறி எறிந்தான். ஒரு மன்னிப்பு? ஊஹூம். "போம்மா, போ" என்று கையை ஆட்டினான், ஈ ஓட்டுகிறதுபோல.

அவள் எடுத்துப் பார்த்தாள். அவன் பிடித்த பிடியில் கூரை நசுங்கி உள்ளே போயிருந்தது.

போகவில்லை. அங்கேயே நின்று மேனேஜரைக் கேட்டாள்: "ராஜா பொண்ணு இந்த வூட்டுல நல்லா வெளாண்டுச்சா?"

"விளையாடறதா? யாரும் தொடக்கூடாதுன்னு ராஜா உத்தரவு. இளவரசியே தூர நின்னுதான் பார்த்தாங்க."

சிலுவையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆளே வாயாத வூடா! அய்யோ, இத்தப் போயி நல்ல வூடுன்னு தொட்டனே! ஒரு கொயந்த கை கூடப் படாத வூட்டுக்குத் தண்ணி, கரண்டு, ஏசி, காவலுக்கு எங்க கோயில் ஆளு! நாங்க பொறந்து வளந்து புள்ள பெத்த வூட்டுக்கு மெஷினா? நாயமாய்யா இது? சொல்லுய்யா, தொரை!"

துரை இன்னொரு காவல்காரரைக் கூப்பிட்டு வெளியே தள்ளச் சொன்னான். தள்ளினார்கள்.

சாயங்காலம் கோயிலில் கூட்டம் நெரித்தது. பாட்டுக் குழு வெள்ளைச் சட்டையில் வேதமாணிக்கம் அவளிடம் ஓடிவந்தான். "யக்கா, வேலை பூடுமோன்னு பயந்துட்டேன். மன்னிச்சுக்க. அத்தக் குடு, நகத்தால கூரையை நிமித்தித் தரேன்."

"தொடாத" என்றாள். அவ்வளவுதான்.

கோயிலுக்கு வரும் முன்னால் அவள் ஒரு காரியம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். குடிசையை இடித்தபோது சவரிநாதன் எப்படியோ காப்பாற்றிய கட்டை ஒன்று தார்ப்பாய் வாசலில் கிடக்கிறது. பழைய நிலைப்படிக் கட்டை. அவன் அதன்மேல்தான் உட்கார்ந்து பீடி குடிப்பான். "எய்ந்திரு" என்று அவனை எழுப்பிவிட்டு, தகட்டு வீட்டை அந்தக் கட்டையில் தொட்டு எடுத்திருந்தாள்.

இப்போது கூட்டத்தை முட்டித் தள்ளி மாதா காலடிக்குப் போய், நசுங்கின கூரை மேலே தெரியும்படி வீட்டை வைத்தாள். மற்றவர்கள் கைகூப்பி அழுதுகொண்டிருந்தார்கள். இவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நல்லா பாத்துக்கோ. நிமித்திக் கொண்டாந்தா எங்க வூடு சோக்கா கீதுன்னு நெனச்சிக்குவ. எனக்கு ராஜா வூடு வாணாம். இடிச்சாங்களே, அதே வூடு வோணும். ஜானட்டு வர்ற ஞாயித்துக்கிழமை வர்றா. நீ மாட்டுக்கொட்டாயில பெத்த. ஒனக்கு அன்னிக்கு எப்டி இருந்துச்சுன்னு நீயே சொல்லு, எம்பொண்ண எங்க படுக்க வைக்கட்டும்?"