கள்ளிக்குத் தேதி சொன்ன வருஷம்

சப்பாத்திக்கள்ளியை நட்டதாக எந்த ஊரிலும் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அது வந்தது, இருந்தது, பெருகியது. கடல் தாண்டி வந்த செடி என்று புத்தகம் சொல்லும். ஊர்க்காரர்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்க பாட்டன் காலத்திலேருந்து குத்திக்கிட்டுல்ல இருக்கு என்பார்கள். திருச்சியிலிருந்து தெற்கே ரயில் ஏறினால் அந்த நாளில் ஜன்னலின் இரண்டு பக்கமும் அதுதான். மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம், மட்டைமேல் மட்டை, முள்மேல் முள். புறம்போக்கை எடுத்துக்கொண்டது, சுடுகாட்டை எடுத்துக்கொண்டது, இடிந்த மண்டபத்தின் தூண் நடுவில் ஏறி நின்றது. ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. அதையே வரப்பில் வரிசையாக ஊன்றி வேலியாக்கிக்கொண்டார்கள். ஆடு நுழையாது, பன்றி நுழையாது, செலவில்லை.

பிறகு பூச்சி வந்தது. அதுவும் வெளிதேசத்து வரவுதான். கள்ளியை ஒழிக்க விவசாய இலாகா கொண்டுவந்து விட்டது. பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் மட்டையில் வெள்ளை வெள்ளையாகக் குந்தியிருக்கும். நசுக்கினால் ரத்தச் சிவப்பு. தாய்ப்பூச்சி ஒட்டிய இடத்தைவிட்டு அசையாது. குஞ்சுகள்தான், தூசுபோல, ஊர்ந்தும் காற்றில் ஏறியும் அடுத்த செடிக்குப் போகும். சில மாசத்தில் மட்டை மஞ்சளித்து, தொளதொளத்து, தன் பாரத்தில் தானே சரியும். மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஸ்ரீரங்கத்தில் காவிரியைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பூச்சியைப் பற்றிப் பேச நானும் இன்னொருவரும்தான் இருந்தோம்.

அந்த இன்னொருவர் நான் வேலை பார்த்த காலேஜின் தாவர சாஸ்திர உபாத்தியாயர். நான் கணக்கு. எனக்கு இருபத்தாறு வயது. அவருக்கு நாற்பது இருக்கும், பொடி போடுவார், தும்மலுக்கு நடுவே பேசுவார்.

"ஓய், உம்ம கணக்கு என்னிக்காவது நோட்டுப் புஸ்தகத்தை விட்டு வெளியிலே வந்திருக்கா?"

"எதுக்கு?"

"இலாகாவிலே என்னைக் கேக்கறா. பூச்சியை விட்டாச்சு, அது எந்த மாசம் எந்த ஊருக்குப் போய்ச் சேரும்னு. நான் இலையை எண்ணறவன். நாளை எண்ணறது நீர்தானே?"

பிடித்துக்கொண்டது எனக்கு. அதுவரை என் கணக்கில் தொட்டிகள் நிரம்பின, ரயில்கள் சந்தித்துக்கொண்டன, எதற்கும் உயிர் இல்லை. இப்போது இரண்டு சமன்பாடுகள் எழுதினேன். ஒன்று கள்ளிக்கு, ஒன்று பூச்சிக்கு. கள்ளி இருக்கும்வரை பூச்சி இரட்டித்துக்கொண்டே போகும். பூச்சி இரட்டிக்க இரட்டிக்கக் கள்ளி குறையும். கள்ளி குறைந்தால் பூச்சிக்குப் பட்டினி. ஒன்றின் வளைகோடு ஏறும்போது மற்றதன் வளைகோடு இறங்கும், கொஞ்சம் பின்தங்கி, துரத்துகிறவனும் ஓடுகிறவனும்போல. அதோடு காற்றைச் சேர்த்தேன். குஞ்சுகளைக் காற்று எவ்வளவு தூரம் தூக்கும், எந்தத் திக்கில் தூக்கும். காகிதத்தில் எண்ணெய்த்துளி பரவுவதுபோல் பூச்சியின் எல்லை பரவ வேண்டும். காற்று போகும் பக்கம் வேகமாக, காற்றை எதிர்த்த பக்கம் மெதுவாக. பார்க்க அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் முதல் ஆபத்து என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

அளந்து பார்க்க வேண்டாமா? சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளம்பினேன். காவிரிப் பாலம் கடந்து, ஜங்ஷனில் மணப்பாறைப் பக்கம் போகும் வண்டி பிடித்து, நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்குவேன். ஸ்டேஷனை ஒட்டித்தான் பூச்சியை விட்டிருந்தார்கள். அங்கே மட்டைகளைப் புரட்டி வெள்ளைத் திட்டுகளை எண்ணிக்கொண்டு, மேற்கே நாலு மைல் நடப்பேன், வழியெல்லாம் வேலிகளைப் புரட்டிப் பார்த்தபடி. பூச்சி எங்கே இருக்கிறது என்பதைப் போலவே எங்கே இல்லை என்பதும் எனக்கு வேண்டும். மட்டையைக் கையால் தொட மாட்டேன். முள் ஒரு காரணம். நசுங்கினால் ரத்தமாக வழியும் ஜந்துவைத் தொட எங்கள் வீட்டு வளர்ப்பு விடவில்லை, அது இன்னொன்று. குடை நுனியால் மட்டையைத் தூக்குவேன், அடியில் பார்ப்பேன், விடுவேன். திரும்பி வந்தால் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, உடுத்தியிருந்ததை நனைத்துப் பிழிந்துவிட்டுத்தான் உள்ளே போவேன். குடை வாசலில் ஆணியில் தொங்கும். குடைக்குத் தீட்டு உண்டு என்று எந்த ஆசாரமும் சொல்லவில்லை.

நாலாவது மைலில் ஒரு கடலைக்காடு. சுற்றிலும் ஆளுயரக் கள்ளிவேலி. வடக்கே வாசலாக ஒரு முள்படல். உள்ளே ஒரு கொட்டகை. காட்டுக்காரரும் அவர் மனைவியும் அங்கேயே குடியிருந்தார்கள். பக்கத்துக் கரட்டுக் குன்றில் காட்டுப்பன்றிகள் உண்டு. கடலை பிஞ்சு பிடிக்கும் பருவத்தில் வேலி இல்லையென்றால் ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும். வருஷத்துக்கு அவர்களுக்கு அந்த ஒரு வெள்ளாமைதான். படல் பக்கம் புளியமர நிழல் இருந்ததால் நான் அங்கே நின்று குறிப்பெழுதுவது வழக்கம். அந்த ஆனியில் ஒருநாள் அவர் வந்து நின்றார்.

"சாமி, ஸ்டேஷன் பக்கம் வேலியெல்லாம் அழுகுதாமே. அது இங்க எப்ப வருமுங்க?"

"ஏன் கேக்கறேள்?"

"வர்றதா இருந்தா இப்பவே புது வேலிக்குக் கிளுவைக் குச்சி நடணும். அது பிடிக்கிறவரைக்கும் முள்ளு வெட்டி அடைக்கணும். ரெண்டு பேரு, இருபது நாளு வேலை. ஆடி பொறந்தா உழவு, விதைப்பு. ரெண்டும் ஒண்ணா முடியாதுங்க."

நோட்டைத் திறந்தேன். ஆடிக்காற்று மேற்கேயிருந்து அடிக்கும். அவர் காடோ ஸ்டேஷனுக்கு மேற்கே. காற்றை எதிர்த்துப் பூச்சி ஊர்ந்துதான் வர வேண்டும். அங்கேயே நின்று பெருக்கி, வகுத்து, ஐப்பசி மழையில் வீணாகும் நாட்களையும் கழித்தேன்.

"தை பிறந்த பிறகுதான் வரும்."

"தையா? நிச்சயமா?"

"கணக்கு அப்படித்தான் சொல்றது."

"கார்த்திகையிலயே நாங்க கடலை பிடுங்கிருவோமே!" அவர் முகம் தெளிந்துவிட்டது. கொட்டகைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "கேட்டியா? தைதானாம். வேலியை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "பூச்சிக்கு அவரு பஞ்சாங்கம் பாத்துச் சொல்றாராக்கும்?" என்றாள். அவர் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று ரயிலில் திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை. என் எண் ஒன்று முதல்தடவையாக ஒரு மனிதனின் இருபது நாளை நகர்த்தியிருந்தது.

ஆடியில் காய்ச்சலில் படுத்தேன். பிறகு பரீட்சைத் தாள்கள். ஆவணி கடைசியில்தான் மறுபடி போக முடிந்தது, அதுவும் இரண்டாவது மைல்வரை. வழியில் எனக்கு முன்னால் வெள்ளை போயிருந்தது. ஸ்டேஷனைச் சுற்றி எண்ணெய்த்துளி என் கணக்குப்படியே இருந்தது. அதிலிருந்து மேற்கே மட்டும் ஒரு விரல் நீண்டிருந்தது, காற்றுக்கு நேர் எதிராக. மறுநாள் காலேஜில் படத்தை விரித்து வைத்தேன். தாவர உபாத்தியாயர் குனிந்து பார்த்தார்.

"இங்கே திட்டு. அப்புறம் அரை மைல் ஒண்ணுமில்லை. இந்தக் கிணத்தடியிலே திட்டு. காத்து என்ன ஓய், கிணத்தடியிலே உக்காந்து புளியோதரை சாப்பிட்டுட்டா போகும்?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கிணற்றடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டவன் நான். ஒவ்வொரு திட்டும் நான் நின்ற இடம். எழுந்துபோய் மூலையில் சாய்த்திருந்த குடையை எடுத்துவந்தேன். நுனிப் பூணுக்கும் கம்பிக்கும் நடுவில் நூல் நூலாக வெள்ளை. அவருடைய பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தோம். அதில் ஒன்று அசைந்தது.

அவர் ஒரு சிட்டிகை பொடி எடுத்தார். பிறகு தும்மினார். "சமன்பாட்டிலே எல்லாரையும் சேர்த்தீர். உம்மை விட்டுட்டீர்."

அன்றே போயிருக்க வேண்டும். குறைந்தபட்சம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அந்தப் புளியமர நிழலில்தான் எல்லா இடத்தையும்விட அதிகநேரம் நின்றிருக்கிறேன். எப்போது என்று கேட்டவரிடம் வெறும் கையோடு போக என்னால் முடியவில்லை. தை தப்பு என்றால் எது சரி? நடக்கிற மனிதனுக்கு ஒரு உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்தேன்: எத்தனை ஞாயிறு, எத்தனை நிறுத்தம், குடை நுனியில் எத்தனை குஞ்சு தங்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து போட்டேன். வடக்கே கொள்ளிடத்தில் வெள்ளம் என்று தெருவே பார்க்கப் போயிருந்தது. விடை வந்தது. படல் பக்கத்து வேலி புரட்டாசி நடுவில் விழும். நிமிர்ந்து பார்த்தபோது புரட்டாசி நடுவாக இருந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, குடையில்லாமல், தோய்த்து உலர்த்திய வேஷ்டியோடு, வழியில் எந்த வேலியையும் தொடாமல் போனேன்.

வேலி விழுந்திருந்தது. படலுக்கு இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பாக நீளத்துக்கு, ஈரச்சாக்குகளை எறிந்ததுபோல் மட்டைகள் மடிந்து கிடந்தன. அதன்மேல் பன்றிகளின் தடம். உள்ளே வடக்குப் பாதிக் காடு மண் புரண்டு, வேர் மேலாகக் கிடந்தது. காட்டுக்காரர் கருவேல முள்ளை இழுத்துப்போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துவிட்டார். அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

"ஆவணியிலயே வெள்ளையா பூத்துச்சுங்க சாமி. நீங்க தையின்னீங்க. அப்ப இது வேற ஏதோன்னு இருந்துட்டேன். பூஞ்சக்காளான் மாதிரி ஏதாச்சும்னு."

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் அவர் மனைவி. பிடுங்கப்பட்ட செடிகளில் தப்பிய பிஞ்சுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "அதே பூச்சிதான்னு சொன்னேன். படிச்சவரு சொல்லியிருக்காரு, உனக்கு என்ன தெரியும்னு என்னை அடக்கிட்டாரு."

"படிச்சவன்தான் கொண்டுவந்தேன்," என்றேன். குடையைப் பற்றிச் சொன்னேன், மட்டையைத் தூக்கிப் பார்த்ததைச் சொன்னேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு முள்ளை எடுத்து வைத்தார். இன்னொன்றை எடுத்து வைத்தார்.

"நீங்க வேணும்னேவா செஞ்சீங்க," என்றார்.

"வேணும்னு செஞ்சாலும் வேண்டாம்னு செஞ்சாலும் பன்னிக்கு ஒண்ணுதான்," என்றாள் அவள். அடைப்பைத் தாண்டி ஒரு கால் எடுத்து வைக்கப் போனேன். "அங்கயே நில்லுங்க சாமி. கெழக்க வேலி இன்னும் சுத்தமா இருக்கு."

நின்றேன். அவள் எழுந்து, மடியை இறுக்கிக்கொண்டு, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள். "மிச்ச வேலி எத்தனை நாள் தாங்கும்? அதைச் சொல்லுங்க. காய் முத்த இன்னும் ஒண்ணரை மாசம் வேணும்."

சட்டைப்பையில் காகிதம் இருந்தது, அதில் எண்ணும் இருந்தது. பத்து நாள் என்று போட்டிருந்தேன். எடுக்கவில்லை. "தெரியாது," என்றேன். "இந்தப் பக்கத்தை வெட்டி எரிச்சுடுங்கோ. இருக்கிற கடலையை இன்னிக்கே பிடுங்கிடுங்கோ."

"அது எங்களுக்கே தெரியும்," என்றாள். ஆனால் காட்டுக்காரர் நகரவில்லை. முற்றாத காயைப் பிடுங்குவது அவருக்குக் கை வரவில்லை. அவள் போய் முதல் செடியைப் பிடித்து இழுத்தாள். மண் உதிர்ந்தது. ஒரு காயை உடைத்து அவர் கையில் வைத்தாள். உள்ளே பருப்பு சின்னதாக, நீர்கோத்து, பால்நிறமாக இருந்தது. அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

வேலிக்கு வெளியே நான் செய்ய ஒன்று இருந்தது. விழுந்த மட்டைகளை அவர் கொடுத்த கவைக்கோலால் தள்ளிக் குவித்தேன். சாயங்காலம் தீ வைத்தோம். பச்சைக்கள்ளி எளிதில் எரியாது. சீறும், புகையும், சிவந்த சாறு கக்கும். கையைக் கிணற்றடியில் கழுவும்போது தண்ணீரில் அந்தச் சிவப்பு கொஞ்சம் இறங்கியது, கொஞ்சம் ரேகைகளில் தங்கியது.

அவர்கள் மூன்று நாள் பிடுங்கினார்கள். காய்ந்தபோது பாதி சுருங்கிப் பொக்காகிவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தக் குளிர்காலம் அவர் ஜங்ஷன் பக்கம் மூட்டை தூக்கப் போனார்.

கிழக்கு வேலியைப் படல் பக்கம் நாங்கள் வைத்த தீ காப்பாற்றிவிட்டது. என் கால் படாத பக்கம் அது. கள்ளி அங்கே மார்கழி முழுவதும் பச்சையாக, பூவோடு நின்றது. தை பிறந்து எட்டாம் நாளோ பத்தாம் நாளோ அதில் வெள்ளை கண்டது. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஊர்ந்து, காற்றை எதிர்த்து, கணக்கில் சொன்ன வேகத்தில், சொன்ன மாசத்தில் வந்து சேர்ந்திருந்தது. தாவர உபாத்தியாயர் அதைத் தம் அறிக்கையில் எழுதிக்கொண்டார். வேலிக்கு உள்ளே அப்போது பிடுங்கிய குழிகளும், அடுத்த உழவுக்குக் காத்திருந்த மண்ணும்தான் இருந்தன.