ஏழடிக் கட்சியும் ஜன்னல் வழி கிடைத்த சீட்டும்

இன்று காலை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எனக்கும் சதீஷுக்கும் சண்டை. என்னோடு வேலை பார்ப்பவன், ஆறடிக்கு மேல் இருப்பான்.

நாங்கள் இருவரும் விடாமல் பார்க்கும் அமெரிக்க பாஸ்கெட்பால் டீம் போன சீசனில் தோற்றுத் தோற்றே ஓய்ந்துவிட்டது. இனி புது ஆட்களை எடுத்துத்தான் தேற வேண்டும். டீம்கள் முறை வைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரை எடுப்பது?

"அந்த ஏழடி பையனத்தான் எடுக்கணும். மத்ததெல்லாம் வேஸ்ட்டு" என்றான்.

"அவன் கைக்கு பந்து யாரு கொண்டாந்து குடுப்பா? அந்தக் குள்ளப் பையன எடு. அவன் பாஸ் போட்டா டீமே ஆடும்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தான். "குள்ளமா இருக்கறவங்க வேற இன்னா சொல்லுவாங்க?"

அதற்குள் நாங்கள் போகவேண்டிய, மலைமேல் இருக்கும் கரியாலூருக்கான பஸ் வந்துவிட்டது. அவன் படிக்கட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறப் போனான். நான் ஜன்னல் பக்கம் ஓடி, உள்ளே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அக்காவிடம் சாப்பாட்டுப் பையை நீட்டினேன்.

"அக்கா, பக்கத்துல ஒரு சீட்டு போடுக்கா!"

போட்டார்.

மலை ஏறி முடியும்வரை ஏழடிக் கட்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மடக்கி நின்றபடியே வந்தது.

குள்ளப் பையனைத்தான் எடுக்க வேண்டும். மறுப்பவர்கள் கமெண்டுக்கு வாருங்கள். சதீஷ் மட்டும் கால் வலி போனதும் வந்தால் போதும்.