சிவப்புப் பொட்டு வைத்த தெபுத்தே

பதினோரு வயதில் நான் பிரெஞ்சு நாட்டு எம்.பி.க்கள் நூறு பேருக்கு மேல் பொட்டு வைத்துவிட்டிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரியம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து உரித்து உரித்து, ஒவ்வொருத்தர் பெயருக்கும் பக்கத்தில் ஒன்று. சிவப்பு என்றால் நம்ம ஆள். பச்சை என்றால் எதிராளி. பொட்டே இல்லாவிட்டால் அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இந்தப் பெரிய பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தவர் பெரியப்பா. அதை நான் எவ்வளவு லட்சணமாகச் செய்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் மாடியில் பெரியப்பாவும் பெரியம்மாவும், கீழே நாங்கள். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அப்பாவுக்கும் அப்பாவழியில் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. புதுச்சேரியில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்காகச் சண்டை போட்டால், நாங்கள் பாரீசில் யார் ஜனாதிபதி என்று சண்டை போடுவோம். ஓட்டு இருக்கிறதே, விடுவோமா!

அந்த வருஷம் பெரியப்பாவின் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் வந்தது. ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சி சார்பில் யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்களே முன்கூட்டி ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ப்ரிமேர் என்று பெயர். போட்டி இரண்டு பேருக்கு நடுவில்தான். அவர்கள் பெயர் பெரியம்மாவின் வாயில் நுழையாததால் ஒருவர் கண்ணாடிக்காரர், இன்னொருவர் நெட்டையர் என்று ஆகி, கடைசியில் பெரியப்பாவும் அப்படித்தான் பேசினார். அவர் கண்ணாடிக்காரர் கட்சி. அவருடைய சித்தாந்தம் ரொம்ப எளிமையானது. எந்தப் பக்கம் தெபுத்தே அதிகமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். தெபுத்தே என்றால் பிரெஞ்சு எம்.பி. எங்கள் வீட்டில் எம்.பி. என்று சொன்னால் அது டெல்லிக்குப் போகிறவர்.

ஆகவே எந்த தெபுத்தே யாருக்கு ஆதரவு அறிவித்தார் என்பதை வாராவாரம் கண்காணிக்க வேண்டியிருந்தது. பெரிய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி ஒட்டி, மாடிக் கூடத்துச் சுவர் முழுக்கப் பெயர்களை எழுதிவிட்டார். எழுதுவது சரி, கம்ப்யூட்டரில் செய்தி படிக்கக் கண் வேண்டுமே. பெரியப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நானோ பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறவள், புதன்கிழமை மதியம் எனக்குப் பள்ளி கிடையாது. மத்மசேல் செக்ரெத்தேர், அதாவது காரியதரிசி அம்மா, என்று பட்டம் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். நான் பத்திரிகைப் பக்கங்களைத் திறந்து பார்த்து, யார் யார் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று உரக்கப் படித்து, நாற்காலியில் ஏறிப் பொட்டு ஒட்டுவேன். தலைகால் புரியவில்லை எனக்கு. வகுப்பில் ஒருத்திக்காவது செக்ரெத்தேர் வேலை உண்டா?

சனிக்கிழமை காலையில் பெரியப்பாவின் ராணுவ சிநேகிதர்கள், மைதானத்தில் இரும்புக் குண்டை உருட்டி பெத்தாங் ஆடிவிட்டு, நேராக எங்கள் மாடிக்கு வந்து சுவரைப் பார்ப்பார்கள். பாரீசில் இருப்பவர்களுக்கே தெரியாத சங்கதியெல்லாம் பேசுவார்கள். பெரியம்மாவுக்கு இதில் ஒரே வருத்தம்தான். "எம் பொட்டு அட்டைய பூரா வெள்ளக்காரனுங்க நெத்தியில ஒட்டிட்டா நான் இன்னாத்த வச்சிக்கிறது?" என்பார்.

இவ்வளவு தடபுடலுக்கும் காரணம் அரசியல் பைத்தியம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை அந்தக் கணக்கில் என் மண்டைக்குள் வரவே இல்லை.

அத்தை பெரியப்பாவுக்கு அக்கா, வீட்டின் மூத்த பிள்ளை. அரியாங்குப்பத்தில் வாக்கப்பட்டு, கணவர் தவறிய பிறகும் அங்கேயே தனியாக இருந்தார். தம்பிகள் இரண்டு பேரும் பிரெஞ்சுக்காரர்கள், அக்கா மட்டும் இல்லை. காரணம் ஒரு தலைப்பிரசவம். முதல் பிள்ளையைப் பெறத் தாய்வீட்டுக்குப் போவதுதானே வழக்கம்? அத்தையைப் பெற்றவருக்குத் தாய்வீடு விழுப்புரம் பக்கம், அன்றைய பிரெஞ்சு எல்லைக்கு வெளியே ஒரு கிராமம். அங்கே பிறந்த பெண்ணை அந்த ஊரிலும் பதியவில்லை, தூக்கிக்கொண்டு திரும்பிய பிறகு இந்த ஊரிலும் பதியவில்லை. தம்பிகள் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தார்கள், பதிவேட்டில் ஏறினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அத்தைக்குக் குடியுரிமை கேட்டுப் போட்ட மனு, பெரியப்பா பாஷையில் தொசியே, பல வருஷமாகப் பாரீசில் கிடந்தது.

இப்போது அத்தையின் ஒரே மகள், கல்யாணமாகிப் பிரான்சில் இருந்தவள், முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். மருத்துவர் அவளை விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளால் தாய்வீட்டுக்கு வர முடியாது, தாய்தான் போக வேண்டும். விசா கேட்டு இரண்டு முறை கிடைக்கவில்லை. தொசியே நகர்ந்தால்தான் உண்டு.

அதை நகர்த்தக் கூடியவர் ஒருவர் இருந்தார். முந்தின வருஷம் புதுச்சேரிக்கு வந்திருந்த ஒரு தெபுத்தே. பெரியப்பா அவரை பெத்தாங் மைதானத்திலிருந்து வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். மனிதர் வேர்த்து வழிந்துகொண்டே மூன்று மெதுவடை சாப்பிட்டார். அத்தையின் கதையைக் கேட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அமைச்சகத்துக்குத் தானே எழுதுவதாக வாக்குக் கொடுத்தார். சும்மா சொல்லவில்லை. ஊருக்குப் போனதும் அவர் அலுவலகத்திலிருந்து நகல்கள் கேட்டு அன்பாகக் கடிதமும் வந்தது. கண்ணாடிக்காரருக்கு ஆதரவு என்று முதலில் அறிவித்தவர்களில் அவரும் ஒருவர். எங்கள் சுவரில் முதல் சிவப்புப் பொட்டு அவருக்குத்தான். அட்டையிலேயே பெரிய அளவாகப் பார்த்து ஒட்டியிருந்தேன்.

ஒரு புதன்கிழமை. பெரியப்பா பல்வலி என்று மருத்துவரிடம் போயிருந்தார், நான் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால். மூன்றாவது பத்தியில் அந்தப் பெயர். எங்கள் தெபுத்தே நெட்டையர் பக்கம் போய்விட்டார்! இரண்டு தரம் படித்தேன். பிறகு பச்சைப் பொட்டு ஒன்றை உரித்துக்கொண்டு நாற்காலியில் ஏறினேன். ஏறினவள் இறங்கிவிட்டேன்.

அதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட நியாயத்தைக் கேளுங்கள். அந்த வாரம்தான் எங்கள் ஊர் எம்.எல்.ஏ. ஒருவர் காலையில் கட்சி மாறி, சாயங்காலமே திரும்பி வந்திருந்தார். காலையில் அங்கே ஒரு சால்வை, சாயங்காலம் இங்கே ஒரு சால்வை. அப்பா டிவியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அரசியல் என்றால் இவ்வளவுதான் தெரியும். போனவர் வந்துவிடுவார். அதற்குள் எதற்குப் பொட்டை மாற்றி, திரும்பவும் மாற்றி, பெரியம்மாவிடம் திட்டு வாங்குவது? நம் வீட்டில் வடை சாப்பிட்டவர் வேறு. நாளைக்கே வந்துவிடுவார் என்று முடிவு கட்டி, பச்சைப் பொட்டை மேசைக்கு அடியில் ஒட்டினேன்.

இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை மனதுக்குள் சொல்லும்போதெல்லாம் இந்த எம்.எல்.ஏ. நியாயத்தோடு நிறுத்திக்கொள்வேன். அது பாதிப் பொய். சிவப்புப் பொட்டு கூடினால் பெரியப்பா முகத்தில் வரும் சந்தோஷம் எனக்கு வேண்டியிருந்தது. பச்சையைக் கொண்டு போய்க் காட்ட மனசு வரவில்லை. அடுத்த புதன் அந்தப் பெயரைத் தேடவே இல்லை. அவர் திரும்பி வந்திருக்கமாட்டாரோ என்று பயம்.

அந்த சனிக்கிழமை அத்தை பஸ் பிடித்து வந்திருந்தார். தெபுத்தேவுக்குக் கடிதம் எழுத வேண்டும், பிரசவத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை. பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் பிரெஞ்சுதான் வீட்டிலேயே நல்ல பிரெஞ்சு. ஆரம்பத்தில் நாலு வரி புகழ்ந்துவிட்டு அப்புறம் அக்கா விஷயத்துக்கு வரலாம் என்று பெரியப்பாவின் யோசனை. காற்று அடிக்கும் பக்கமெல்லாம் தாவுகிற அரசியல்வாதிகளைப் பார்த்துப் பார்த்து நாங்கள் சலித்துப் போனோம், கொடுத்த வாக்கில் மலைபோல நிற்கும் தங்களைப் போன்ற ஒருவர் எங்கள் வீட்டில் கால் வைத்தது எங்கள் பாக்கியம் என்று சொன்னார். மலைபோல என்பதற்கு அவர் சொன்ன வார்த்தை போதவில்லை என்று நானே இன்னும் கனமான வார்த்தை ஒன்றைப் போட்டேன். கெட்டிக்காரி அல்லவா நான்!

கையெழுத்துப் போடும் முன் பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நம்மாளு இன்னும் நம்ம பக்கந்தானே மத்மசேல்?"

நான் உய் என்றேன், ஆமாம் என்று. பிரெஞ்சில் சொன்னதால் அது பொய்யில் சேராது என்று தோன்றியதோ என்னவோ. அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். கடிதத்தைத் தபாலில் சேர்க்க அவரும் பெரியப்பாவோடு நடந்து போனார்.

இரண்டு வாரம் கழித்து சுவரைப் பார்க்க வந்த சிநேகிதர்களில் ஒருவர், அப்போதுதான் பிரான்சிலிருந்து திரும்பியவர், விரலை நீட்டினார்.

"இன்னாய்யா இது, இந்தாளுக்கு செவப்பு போட்டு வச்சிருக்கீங்க? இவன் நெட்டைகிட்ட போயி ஒரு மாசம் ஆவுதே!"

பெரியப்பா சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் சிநேகிதர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாப்பா படிச்சிதான் சொல்லிச்சி. நாந்தான் மாத்த மறந்துட்டேன். கண்ணு தெரியில பாரு எனக்கு."

அன்றைக்கும் வந்திருந்த அத்தை காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அந்த லெட்டரு?"

"போயி சேந்திருக்கும்க்கா," என்றார் பெரியப்பா.

மறுநாளே இன்னொரு கடிதம், தங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை என்று மன்னிப்புக் கேட்டு. அதை என்னை எழுதச் சொல்லவில்லை. கொஞ்சநஞ்சம் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடி பிடித்து அவரே எழுதினார். பதில் அந்த மாதக் கடைசியில் வந்தது. முன்பெல்லாம் ஒரு பக்கம் வரும், இது இரண்டு வரி. தங்கள் கருத்துகளைக் கவனத்தில் கொண்டோம், இந்த விஷயத்தில் தலையிட எங்களுக்கு இடமில்லை. கீழே தெபுத்தேவின் கையெழுத்துகூட இல்லை, உதவியாளர் போட்டிருந்தார். பெரியப்பா அதை மூன்று முறை என்னைப் படிக்கச் சொன்னார். வேறு அர்த்தம் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தாரோ என்னவோ, பாவம்.

ப்ரிமேரில் கண்ணாடிக்காரர் தோற்றார். அத்தனை சிவப்புப் பொட்டு இருந்தும் மண்ணைக் கவ்வினார். பெரியப்பா காலண்டர் தாள்களைக் கழற்றிச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். தோல்வியில்தான் அவர் வாடிவிட்டார் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், நானும் அதையே நம்பிக்கொண்டேன்.

அந்தக் கடிதம் போகாமலிருந்தால் தொசியே நகர்ந்திருக்குமா? பக்கம் மாறிய மனிதர் வாக்கை மட்டும் காப்பாற்றியிருப்பாரா? தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வழியாக அழுது தீர்த்திருப்பேன். அத்தை தன் பேத்தியை முதன்முதலாகத் தொட்டுத் தூக்கப் போனபோது அதற்கு நாலு வயது. யார் இந்தக் கிழவி என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு அம்மா பின்னால் போய் நின்றுகொண்டது. அந்தக் கேள்வியை அத்தைக்குத் தமிழில் சொல்லும் தைரியம் கூடப் போன எங்கள் யாருக்கும் வரவில்லை.

அந்தப் பேத்தி பிறந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. மகளுக்குக் கொடுக்க அத்தை கிளறிய பிரசவ லேகியம், பார்சலில் அனுப்ப முடியாமல் எங்கள் மாடியில் டப்பாவோடு இருந்தது. பெரியப்பாவின் போனில் வீடியோ வந்தது. எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். நர்ஸ் குழந்தையைத் திரைக்குக் கிட்டத்தில் நீட்ட, அத்தை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் கொண்டு போனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அவர் தோளைக் கட்டிக்கொண்டேன். செய்த தப்பு இத்தோடு தீர்ந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

"பாத்தீங்களா அத்த, போவாமலே பாத்துட்டீங்க!"

"ஆமாங் கண்ணு," என்றார் அத்தை. "பாத்துட்டேன்."

அத்தைக்கும் சந்தோஷம்தான் என்று நினைத்து, நான் எல்லாருக்கும் இனிப்பு எடுக்க உள்ளே ஓடினேன்.