காலியாக வந்த பருவ எண்

தேர்வு அலுவலகத்தின் பெரிய கம்ப்யூட்டருக்கு முப்பத்தோரு வருஷம் புரோகிராம் எழுதியவர். ஒரு வரி சொன்னால் பத்து வரியை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஆள்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு சின்ன வேலை. முன்பெல்லாம் பருவத்துக்குப் பருவம் புரோகிராமைத் திறந்து, எந்தப் பருவத் தேர்வு என்று காட்டும் பருவ எண்ணை மாற்ற வேண்டும். ஆபரேட்டர் அதை ஓட்டும்போது கொடுக்கும் கட்டளைகளில் அந்த எண் ஏற்கெனவே இருந்தது. புரோகிராமே உள்ளிருந்து அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி எழுதினார். எண் காலியாக வந்தால்? சாப்பிடும்போது யாரும் வந்து கூப்பிடக் கூடாதென்று இன்னொரு வரியையும் சேர்த்தார்: போன தடவை எண்ணையே எடுத்துக்கொள்.

ஒரு நாள் காலை பிரிண்டரில் காகிதம் சிக்கியது. ஆபரேட்டர், வேலை நின்ற இடத்திலிருந்தே மறுபடி ஓட்டினாள். பருவ எண் கொடுக்கும் கட்டளை அதற்கு முந்தைய படியில் இருந்ததால், இந்த முறை எண் காலி; புரோகிராம் போன பருவத்து எண்ணையே எடுத்துக்கொண்டது. மறுதேர்வில் தேறிய எழுநூறு பேருக்குப் பழைய தோல்வியே மறுபடி தபாலில் போனது.

"எண்ணைப் போட மறந்துட்டியாம்மா?" என்றார் மேனேஜர்.

"சத்தியமா போட்டேன் சார்." அவள் புரோகிராம் எழுதியவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன். காலியா இருந்தா புரோகிராம் நின்னிருக்கணும்ல?"

கம்ப்யூட்டர் ஓடிய பதிவைப் பார்த்த மூன்றாம் நிமிஷமே அவருக்கு விளங்கியிருந்தது.

"பாத்துட்டுச் சொல்றேன்மா."

சொல்லவில்லை. கவனமில்லாதவள் என்று எழுதி அவளைக் கீழே காகிதக் கிடங்குக்கு மாற்றினார்கள். அடுத்த வாரம் அவர் அந்த வரியைச் சத்தமில்லாமல் திருத்தினார்: காலியென்றால் நிறுத்து.

பதினாலு வருஷம் கழித்து, ஓய்வு பெறும் நாளன்று கிடங்குக்கு இறங்கினார். அவள் விடைத்தாள் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நடந்தது உன் தப்பில்லம்மா. என் புரோகிராம்தான்..."

"தெரியும்ணே."

"எப்படி?"

"அடுத்த மாசமே 'பருவ எண் காலி, வேலை நிறுத்தப்பட்டது'ன்னு திரையில வந்துச்சாமே. என் இடத்துக்கு வந்த பொண்ணு ஓடி வந்து சொன்னா. அன்னிக்கு நீங்க வருவீங்கன்னு ரெண்டு பஸ்ஸை விட்டேன்." கட்டைத் தூக்கி மேலே வைத்தாள். "மூணு மாடி இறங்க பதினாலு வருஷமாண்ணே?"

அவர் மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

"இப்ப நான் மேல போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"யார்கிட்ட? அந்த மேனேஜர் போயே ஆறு வருஷமாச்சு. எழுதிக் கொடுங்க. வீட்டுல எது தொலைஞ்சாலும் என் பொண்ணு 'அம்மா மறதி'ங்கறா. அவகிட்ட காட்டணும்."

ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள்.

"கம்ப்யூட்டர் கதையெல்லாம் அவளுக்குப் புரியாதுண்ணே. 'என் தப்பு'ங்கறது கடைசி வரியில இருக்கு. அதை முதல்ல போடுங்க."

அவர் புதுத் தாள் எடுத்தார்.