அன்று டைலர் கடை திறக்கவில்லை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, துணி கருகும் வாடை வந்தால் இன்றும் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். வீட்டில் நான் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பேகம்பேட்டை பழைய விமான நிலையத்திலிருந்து விமானங்கள் பறந்த காலம். நான் விமானப் பணிப்பெண். கம்பெனி தந்த கோட்டு, எளிதில் தீப்பிடிக்காத கம்பளிக் கலப்புத் துணி. கனக்கும், உட்கார்ந்து எழுந்தால் கசங்கும். கசங்கியிருந்தால் மேற்பார்வையாளர் அம்மா விமானம் ஏற விடமாட்டார். அதனால் எங்களில் பலர் அதே நிறத்தில், அதே அளவில் பாலியெஸ்டரில் ஒன்று தைத்துப் போட்டுக்கொள்வோம். பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

என் தோழி திவ்யா, சனத்நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். "கம்பெனி கோட்டு நக்கோ டி, வேணவே வேணாம்! அதுக்கு இஸ்திரி போட்டே நம்ம வயசு போயிடும்" என்று சிரிப்பாள். நானும் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு டைலரிடம் தைக்கக் கொடுத்தேன். வாங்கப் போன காலையில் கடை பூட்டியிருந்தது. "ஆண்டவரே, கடையைத் திறக்கப் பண்ணும்" என்று வாசலிலேயே ஜெபித்தேன். திறக்கவில்லை. இந்தச் சின்ன உதவிகூடச் செய்யமாட்டீரா என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பெனி கோட்டோடு வேலைக்குப் போனேன். அதை நீவி நீவி எப்படியோ சோதனையைத் தாண்டினேன்.

நடுவானில், சாப்பாடு சூடாக்கும் மின் அடுப்பிலிருந்து புகை வந்தது. உள்ளே சிக்கியிருந்த காகிதம் பற்றியிருக்கிறது. திவ்யா பதறிக் கதவைத் திறந்தாள். தீ பாய்ந்து அவள் கையைப் பிடித்தது. அவள் போட்டிருந்த பாலியெஸ்டர் கோட்டு எரிந்ததோடு நிற்கவில்லை. உருகித் தோலில் ஒட்டியது. "எடு டி! எடு டி!" என்று அலறினாள். அந்த அலறல் இன்னும் என்னை விடவில்லை.

"இயேசுவே!" என்று கத்தினேன். என் கோட்டைக் கழற்றி அவள்மேல் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். அது கருகியது, பற்றவில்லை. தீ அடங்கியது. மற்றவர்கள் அடுப்பில் எரிந்த தீயை அணைத்தார்கள். நான் கேட்டது அன்று காலை கிடைத்திருந்தால் இருவருமே எரிந்திருப்போம்.

திவ்யா பிழைத்தாள். ஆனால் அந்தக் கை பழையபடி ஆகவில்லை. அவள் மறுபடி பறக்கவும் இல்லை. ஏன் அவளுக்கு இப்படி என்று ஆண்டவரிடம் இன்றும் அழுதுகொண்டே கேட்கிறேன். மருத்துவமனையில் அவள்தான் என்னைத் தேற்றினாள். "நீ ஒரு பேரச் சொல்லிக் கத்துனியே, அது எனக்குக் கேட்டுச்சு. தனியா இல்லன்னு தோணுச்சு டி."

இப்போது புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம், கம்பெனி கோட்டையே போடுங்கள் என்று கெஞ்சுகிறேன். உங்களிடமும் ஒன்று சொல்கிறேன். கேட்டது கிடைக்காவிட்டால் அவசரப்பட்டு ஆண்டவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆபத்தில் ஜெபிக்க வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எனக்கு அன்று அதற்கு மேல் வரவில்லை. அவர் வந்தார்.