வரையாட்டுப் பாறையின் சிவப்பு

உடைப்பதற்குப் பூசிய சிவப்பும் தெய்வத்துக்குப் பூசிய சிவப்பும் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தால், அந்தப் பாறை யாருக்குச் சொந்தம்?

லடாக்கில், சிந்து நதியோரம் எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தினார்கள். உடைக்க வேண்டிய பாறைகளில் சிவப்புச் சாயம் பூசுவது பல்மோவின் வேலை. கணவன் போன பிறகு அவள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தக் கூலியில்தான்.

வளைவில் இருந்த கரும்பாறைக்கு முன்னால் அவள் கை நின்றுவிட்டது. யார் கொத்தியதோ, எந்தக் காலமோ, பாறை முழுக்க வரையாடுகள். புத்தாண்டுக்குச் சமையலறைச் சுவரில் அவள் மாவால் வரைவதும் அதே வளைந்த கொம்புதான்.

"என்ன அச்சே, ஆடு முட்டிருமோன்னு பயமா?" என்றான் மேற்பார்வையாளன் அங்சுக், அவளை அக்கா முறையில் கூப்பிட்டு. "பூசுங்க. இல்லேன்னா வேற ஆளு பூசுவான்."

பூசினாள். கொம்புகளில் படாமல், பாறையின் நெற்றியில்.

மறுநாள் காலை பார்த்தால், பாறைமேல் வெள்ளைத் துண்டு கட்டியிருந்தது. கீழே வாசனைத் தழை புகைந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே கண் மங்கிய தொண்டுப் கிழவர், ஊருக்கே மேமே, அதாவது தாத்தா, கைகூப்பி உட்கார்ந்திருந்தார். லா என்கிற எங்கள் காவல் தெய்வத்தின் கல்லுக்குத்தான் சிவப்பு பூசுவோம், வரையாட்டுக் கொம்பு வைப்போம். இரண்டையும் ஒரே பாறையில் கண்டதும், லா குடிவந்துவிட்டதென்று அவர் நினைத்துவிட்டார்.

துளை போடும் முருப் எந்திரத்தைக் கீழே வைத்தான். "என் பொண்டாட்டி முழுகாம இருக்கா. நான் தொடமாட்டேன்."

"மேமேக்குக் கண்ணே தெரியாதுடா!" அங்சுக் கத்தினான். "கழுதையப் பாத்தாலும் லாமான்னு கும்பிடுவாரு."

"உன்னக்கூடத்தான் அதிகாரின்னு கும்பிட்டேன்," என்றார் மேமே.

சிரிப்பு அடங்கியதும் அங்சுக் பல்மோவிடம் திரும்பினான். "உடைக்கத்தான் பூசினேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க அச்சே. முருப் கேக்கட்டும்."

சொன்னால் பாறை தூளாகும். மறுத்தால் வேலை போகும். அதிலும் தெய்வத்தின் பேரில் பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"உடைக்கத்தான் பூசினேன்," என்றாள். முருப் எந்திரத்தைத் தூக்கப் போனான். அவள் நகர்ந்து பாறையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "ஆனா மேமே புகை போட்டு லாவக் கூப்பிட்டுட்டாரு. வந்து உக்காந்தவர எந்திரிச்சுப் போன்னு சொல்ல என்னால ஆகாது. உடைக்கணும்னா என்னையும் சேத்து உடைங்க."

யாரும் உடைக்கவில்லை. அன்றே பல்மோவின் வேலை போயிற்று. இப்போது ஆப்ரிகாட் பழம் காயவைத்து விற்கிறாள். குளிர்காலம் அவளுக்குப் பெரும்பாடுதான்.

சாலை அந்தப் பாறையைச் சுற்றிப் போகிறது. காரணம் தெரியாத லாரிக்காரர்கள் வளைவைத் திட்டுகிறார்கள். அந்த வழியாக வருகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், பல்மோவின் பெயரைச் சொல்லி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.